கண்ணாடி மடியட்டும், பற்றரி மடிய வேண்டாம்

ரிமோட்டை அழுத்திக் காரைப் பூட்டியதும் இரு பக்கக் கண்ணாடிகளும் தாமாகவே உள்ளே மடிந்துகொள்ளும் வசதியைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். புதிதாக வரும் பல வாகனங்களில் இது கம்பனியிலிருந்தே வருகிறது. பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் வெளியில் வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள். இது தேவையற்ற ஆடம்பரம், காசைக் கரியாக்கும் வேலை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கொழும்பில் எல்லோரும் போட்டுவிட்டார்கள், நாமும் போடவேண்டும் என்று இன்னொரு சாரார் கடைக்கு வருகிறார்கள்.

இரு சாராருமே பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. பொருள் நல்ல பொருள்தான். எங்கள் பக்கத்து வீதிகளுக்குத் தேவையான பொருளும்கூட. ஆனால் அந்தச் சின்னப் பெட்டியின் விலையை அரை மணித்தியாலம் பேரம் பேசும் நாம், அதை யார் பொருத்துகிறார், எப்படிப் பொருத்துகிறார் என்று ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. நட்டம் வருவது அந்த இடத்தில்தான்.

உடுப்பிட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த ஊரில் வாடிக்கையாளர்கள் அதிகம். நெல்லியடிக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையில் இருக்கும் ஊர். பிரதான வீதியில் பிரச்சினை பெரிதாக இல்லை. ஒழுங்கைக்குள் இறங்கினால்தான் சங்கடம். மாட்டு வண்டிலும் சைக்கிளும் போகவென்று விட்ட ஒழுங்கைகள் அவை. முன்பு இரு பக்கமும் கிடுகு வேலியும் கிளுவை வேலியும் இருந்தன. கார் உரசினால் ஓலை வளைந்து கொடுக்கும். இப்போது வெளிநாட்டுக் காசில் சீமெந்து மதில்கள் எழும்பிவிட்டன. மதில் வளைந்து கொடுக்காது. கண்ணாடிதான் உடையும்.

அளவைப் பாருங்கள். ஜப்பானின் மிகச் சிறிய ரகக் கார்களுக்கு அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அகலம் 1.48 மீற்றர். விட்ஸ், அக்குவா போன்றவை 1.7 மீற்றருக்குச் சற்று உள்ளே நிற்கும். இந்தக் கணக்கில் பக்கக் கண்ணாடி சேராது. கண்ணாடிகளையும் சேர்த்தால் அக்குவா இரண்டு மீற்றருக்குக் கிட்ட வந்துவிடும். கண்ணாடியை மடித்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ அரைச் சாண் மிச்சம். எதிரே முச்சக்கர வண்டி ஒன்று வரும்போது அந்த அரைச் சாண் என்ன பெறுமதி என்பது ஒழுங்கையில் பின்னுக்கு எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வீதியோரம் நிறுத்தி வைக்கும்போதும் அதே கதைதான். உடுப்பிட்டி அமெரிக்கன் மிஷன் கல்லூரியும் மகளிர் கல்லூரியும் விடும் நேரத்தில் சைக்கிள்களின் ஹான்டில் எங்கே படும் என்று சொல்ல முடியாது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதிக் கோயில் திருவிழாக் காலத்தில் வாகனங்கள் நெருக்கியடித்து நிற்கும். இப்படியான இடங்களில் மடிந்த கண்ணாடி தப்பும், விரிந்த கண்ணாடி அடிபடும். ஆகவே ஆடம்பரம் என்ற பேச்சை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஜப்பான்காரர்களுக்கும் இது ஆடம்பரமாக வந்ததல்ல. அங்கே 1983 வரை கதவில் கண்ணாடி வைக்க அனுமதி இருக்கவில்லை. முன் மட்காட்டின் மேல்தான் வைக்கவேண்டும். பழைய ஜப்பான் வாகனங்களில் கண்ணாடி முன்னுக்குத் துருத்திக்கொண்டு நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கதவுக்கு அனுமதி கிடைத்ததும் அகலம் கூடிவிட்டது. அவர்களுடைய தெருக்களோ ஒடுக்கம், நிறுத்துமிடங்களோ நெருக்கம். அடுத்த ஆண்டே, அதாவது 1984இல், நிசான் கம்பனி லோரல் காரில் மின்சாரத்தில் மடியும் கண்ணாடியைக் கொண்டுவந்தது. ஒடுங்கிய தெரு பிறப்பித்த பொருள் அது. ஒடுங்கிய ஒழுங்கை உள்ள எங்களுக்குப் பொருந்தாமல் எப்படிப் போகும்?

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்னும் வரியும் டொலர் விலையும் சேர்ந்து, நடுத்தரக் குடும்பம் ஒன்று புதிய வாகனத்தை எட்டிப் பார்க்கத்தான் முடிகிறது. ஆகவே இருக்கும் வாகனத்தையே இன்னும் பத்து வருடம் வைத்திருக்கப் பார்க்கிறார்கள். அதற்கு ஒரு வசதியைச் சேர்ப்பது நியாயமான செலவு. ஆனால் பத்து வருடம் வைத்திருக்கவேண்டிய வாகனத்தின் வயரிங்கில் கை வைக்கிறோம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எந்த வகை?

"தானாக மடியும் கண்ணாடி" என்று கேட்டு வருபவர்கள் இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒன்றாக நினைக்கிறார்கள்.

முதலாவது வகை: காரில் மடிக்கும் மோட்டார் ஏற்கெனவே இருக்கும். ஓட்டுநர் பக்கத்துக் கதவில் சுவிட்ச் இருக்கும், அழுத்தினால் மடியும். ஜப்பானிலிருந்து வந்த கார்களில் அநேகம் இப்படித்தான். பூட்டும்போது தானாக மடிவது மட்டும் இல்லை. இதற்கு ஒரு சிறு பெட்டி போதும். கதவுப் பூட்டு அசையும்போது வரும் மின்னை அது உணர்ந்து, மடிக்கும் மோட்டாருக்குச் சில விநாடிகள் மின்சாரம் கொடுக்கும். திறக்கும்போது மின்னோட்டத்தை மறுபுறமாக மாற்றிக் கொடுக்கும், கண்ணாடி விரியும். இந்தப் பெட்டி நல்ல டயர் ஒன்றின் விலைக்கும் குறைவானது.

இரண்டாவது வகை: மோட்டாரே இல்லாத கண்ணாடி. கையால் மடிப்பது. இந்தியாவிலிருந்து வந்த மலிவு ரகக் கார்கள் பலவற்றில் இதுதான். இதற்குக் கண்ணாடிக் கூட்டையே சோடியாக மாற்றவேண்டும். சுவிட்ச் வேண்டும். கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்க்குள்ளால் புதிய வயர் இழுக்கவேண்டும். செலவு பல மடங்கு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய கண்ணாடிகள் கிடைக்கும். ஆனால் ஐந்து வயர், ஏழு வயர், ஒன்பது வயர் என்று சொக்கற் வேறுபடும். இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள நாட்டுக்குச் செய்த கண்ணாடி வந்தால் பார்க்கும் கோணமே பிழைக்கும். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு வருபவர்களிடம், இதைப் பொருத்தாமல் விடுவதே லாபம் என்று நான் சொல்லி அனுப்புவதுண்டு.

ஒரு சின்ன விளக்கம். ஒழுங்கைக்குள் ஓடும்போது உதவுவது கதவிலுள்ள சுவிட்ச்தான். தானாக மடியும் பெட்டி உதவுவது நிறுத்தி வைத்த பிறகு. கார் பூட்டுப்பட்டதா இல்லையா என்பதை நாலு வீடு தள்ளி நின்றே கண்ணாடியைப் பார்த்து அறிந்துகொள்ளலாம் என்பது மேலதிக நன்மை. ஒழுங்கையை மட்டும் மனதில் வைத்து வருபவரின் காரில் ஏற்கெனவே சுவிட்ச் இருந்தால், அவருக்குப் புதிதாக எதுவும் தேவையில்லை. இதைச் சொன்னால் ஒரு வியாபாரம் போகும். சொல்லாவிட்டால் ஒரு வாடிக்கையாளர் போவார்.

கொழும்பில் ஓடுவது உடுப்பிட்டியில் ஏன் ஓடவில்லை?

உடுப்பிட்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்கு நீண்டகால வாடிக்கையாளர். மகன் கனடாவில். மகன் வாங்கிக் கொடுத்த ஹைபிரிட் கார் பெரும்பாலும் போர்ட்டிகோவுக்குள்தான் நிற்கும். மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போக, கலியாணம் காட்சிக்குப் போக எடுப்பார். எங்கோ ஓரிடத்தில் மலிவாக இந்தப் பெட்டியைப் பொருத்தியிருந்தார். சில வாரங்களில் பற்றரி இறங்கிவிட்டது. பற்றரி பழுது என்று சொல்லிப் புதிது விற்றார்கள். அதுவும் இறங்கியது. பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, கண்ணாடி நல்லா மடியுது. கார்தான் எழும்புதில்லை" என்றார்.

"மாஸ்ரர், பற்றரியில பிழை இல்லைப் போல. ஒருக்கா மீற்றர் வைச்சுப் பார்ப்பம்" என்றேன்.

எங்கள் கடை வயரிங் பையன் அளந்து பார்த்தான். கார் பூட்டி ஒரு மணித்தியாலம் கழித்தும், நிற்கும் கார் இழுக்கவேண்டிய அளவைவிடப் பல மடங்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. பெட்டியின் இணைப்பைக் கழற்றியதும் சரியான அளவுக்கு இறங்கியது. வயரைப் பிழையான இடத்தில் கடித்துக் கொடுத்திருந்தார்கள். காரின் கம்பியூட்டர் நித்திரைக்குப் போகவேயில்லை. இரண்டு பற்றரிக்குக் கொடுத்த காசில் பத்துப் பேருக்கு அந்தப் பெட்டியைப் பொருத்தியிருக்கலாம்.

சரியாகப் பொருத்தினாலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டி ரிமோட்டுக்காக எந்நேரமும் விழித்திருக்கவேண்டும். அது 20 மில்லி அம்பியர் இழுப்பதாக வையுங்கள். ஒரு நாளைக்கு 0.48 அம்பியர் மணி. முப்பது நாளைக்கு 14.4 அம்பியர் மணி. காரின் அலாரமும் மணிக்கூடும் மற்றவையும் சேர்ந்து 30 மில்லி அம்பியர் என்றால் அது மாதத்துக்கு 21.6. இரண்டும் சேர்ந்து 36. சின்னக் காரின் பற்றரி 35 அம்பியர் மணி அளவில் இருக்கும். ஒரு மாதம் ஓடாமல் நின்றால் முடிந்தது கதை.

கொழும்பில் இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. தேவையும் இல்லை. காலையும் மாலையும் ஓடும் காரில் இறங்கியது ஏறிவிடும். உடுப்பிட்டியிலும் வல்வெட்டித்துறையிலும் பிள்ளைகள் லீவில் வரும்போது ஓடவென்று நிற்கும் கார்கள் எத்தனை? வாரத்தில் ஒருநாள் மட்டும் எடுக்கும் கார்கள் எத்தனை? கொழும்பு நண்பர் "என்னுடையது இரண்டு வருடமாகப் பிரச்சினை இல்லை" என்று சொல்வது உண்மைதான். அவருடைய உண்மை உங்கள் போர்ட்டிகோவுக்குப் பொருந்தாது. ஹைபிரிட் காரிலும் பெரிய பற்றரி இருக்கிறதே என்று ஆறுதல்படாதீர்கள். அந்தக் காரை எழுப்புவது 12 வோல்ட் சின்னப் பற்றரிதான். அது இறங்கினால் பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சில கார்களில் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் கதவுகள் தாமாகப் பூட்டுப்படும். சிலர் இருட்டிய பிறகு உள்ளே இருந்து கதவைப் பூட்டிக்கொண்டு ஓடுவார்கள். மலிவான பெட்டிக்கு, கார் நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியாது. பூட்டு அசைந்தால் மடிக்கும். வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு கண்ணாடியும் மடிந்தால், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரனின் கதி என்ன? நல்ல பெட்டியில் சாவி நிலையை உணர ஒரு தனி வயர் இருக்கும். அதைக் கொடுத்தால் சாவி திறந்திருக்கும்வரை மடியாது. அந்த ஒரு வயரைக் கொடுக்கச் சோம்பல்பட்டு வெட்டி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாமான் ஒன்றுதான். செய்த கைதான் வேறு.

வாங்குபவர் கேட்கவேண்டியவை

இந்தப் பொருளைப் பொருத்த நினைக்கும் வாசகர்கள் கீழ்க்கண்டவற்றை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

ஒன்று, என் காரின் வயரை வெட்டுவீர்களா, அல்லது சொக்கற்றுக்குச் சொக்கற் பொருந்துமா? வெட்டாமல் பொருத்தும் வயர்த்தொகுதி உங்கள் கார் வகைக்கு இருந்தால் அதையே வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பிறகு கழற்றினால் கார் பழையபடி இருக்கும்.

இரண்டு, பியூஸ் போட்டிருக்கிறீர்களா, எங்கே? மின் எடுக்கும் இடத்துக்குக் கிட்டவாகப் பியூஸ் இருக்கவேண்டும். முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு, வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். அது நெருப்புக்கு விடும் அழைப்பு.

மூன்று, சாவியைத் திறந்து வைத்துக்கொண்டு கதவைப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி அசையக் கூடாது. அசைந்தால் காசு கொடுக்காதீர்கள்.

நான்கு, பொருத்துவதற்கு முன்னும் பின்னும் நிற்கும் காரின் மின் இழுவையை மீற்றரில் காட்டச் சொல்லுங்கள். காரைப் பூட்டிவிட்டு அது நித்திரைக்குப் போகும்வரை காத்திருக்கவேண்டும். சில கார்களுக்கு அரை மணித்தியாலம்கூட ஆகலாம். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தானே. பொதுவாக 50 மில்லி அம்பியருக்குள் நிற்பது நல்லது.

ஐந்து, கார் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் என்றால் பெட்டிக்குத் தனியாக ஒரு சிறு சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். லீவுக்கு வந்த பிள்ளைகள் திரும்பிப் போனதும் அதை நிறுத்திவிடலாம்.

ஆறு, சாமானுக்கு ஒரு தொகை, வேலைக்கு ஒரு தொகை என்று பிரித்து எழுதிய பில் கேளுங்கள். எத்தனை மாதம் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும்.

பொருத்திய பிறகு, மோட்டார் உள்ள கண்ணாடியைக் கையால் மடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது சின்னப் பற்சில்லு. கடற்கரைப் பக்கத்து மணலும் உப்புக்காற்றும் ஏற்கெனவே அதைத் தின்றுகொண்டிருக்கின்றன. கையாலும் முறுக்கினால் அது நிலை தவறிக் கடகடவென்று சத்தம் போடத் தொடங்கும்.

கைக்கூலிக்கு ஏன் முகம் சுளிக்கிறோம்?

இனி வியாபாரத்தைப் பற்றி. எங்கள் மக்களிடம் ஒரு குணம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சாமானுக்குக் கேட்ட காசைக் கொடுப்போம். கைவேலைக்குக் காசு கேட்டால் "இரண்டு வயர் கொடுக்கிறதுக்கா இவ்வளவு?" என்போம். அதனால் வேலை தெரிந்த பையன் கூலியைக் குறைத்துக் கேட்கவேண்டி வருகிறது. குறைந்த கூலியை ஈடுகட்ட ஒரு நாளில் இரண்டு கார் செய்யவேண்டிய இடத்தில் ஆறு கார் செய்கிறான். ஆறு கார் செய்பவன் மீற்றர் வைத்து அரை மணித்தியாலம் காத்திருப்பானா? மலிவு வேலையை நாம்தான் உண்டாக்குகிறோம். பிறகு நாமே பற்றரிக் கடைக்குப் போய் அந்தக் காசை இரட்டிப்பாகக் கொடுக்கிறோம்.

எங்கள் மெக்கானிக்குகளுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பொருளாதாரத் தடை இருந்த 1990களில் பெற்றோல் கிடைக்காமல் போனபோது, ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள். ஆனால் ஏ40 காரின் முழு வயரிங்கையும் ஒரு கொப்பித்தாளில் வரைந்துவிடலாம். எதையும் வெட்டலாம், எதையும் ஒட்டலாம். இன்றைய காரில் ஒரு கதவுக்குள்ளேயே அதைவிடச் சிக்கல் இருக்கிறது. அந்தக் காலத்துத் துணிச்சலோடு இந்தக் காலத்துப் பொறுமையும் சேரவேண்டும்.

வடமராட்சியில் வேலை தேடும் இளைஞர்களுக்கு இதில் ஒரு தொழில் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். நல்ல மீற்றர் ஒன்று, சொக்கற் நசுக்கும் கருவி ஒன்று, கதவு மட்டையை உடைக்காமல் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகள், கார் வகைகளின் வயர்ப் படங்களைப் பார்த்துப் படிக்கும் பழக்கம், இவ்வளவும் போதும். கண்ணாடிப் பெட்டியில் தொடங்கி, பின்பக்கக் கமரா, அலாரம், ஹைபிரிட் காரின் மின்வேலை என்று வளரலாம். கூலியை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அளந்து காட்டுங்கள். அளந்து காட்டுபவனிடம் பேரம் பேசுபவர்கள் குறைவு.

கடைக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே தோற்றத்தில் மூன்று தரத்தில் பெட்டிகள் வருகின்றன என்பது எங்களுக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தைச் சொல்லி விற்பது மார்க்கம் எங்களுக்கு விதித்த கடமை. வியாபார புத்தியும் அதைத்தான் சொல்லும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, பல வருடங்களுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் மீண்டும் கடை திறந்த முஸ்லிம் வியாபாரிகளிடம் கையில் பெரிய முதல் இருக்கவில்லை. "நீங்கள் இன்னாருடைய மகன் அல்லவா, உங்கள் வாப்பாவிடம் சாமான் வாங்கியிருக்கிறோம்" என்று தேடி வந்த பழைய வாடிக்கையாளர்கள்தான் முதல். அந்த முதலை ஒரு மலிவுப் பெட்டிக்காகச் செலவழிப்பது மடமை.

ஆகவே பொருத்த விரும்புபவர்கள் தாராளமாகப் பொருத்துங்கள். சாமானின் விலையில் நூறு இருநூறு குறைக்க மினக்கெடும் நேரத்தை, பொருத்தும் ஆளை விசாரிப்பதில் செலவிடுங்கள். அவர் கேட்கும் கூலி நியாயமானால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். மீற்றரை உங்கள் கண்முன்னே வைக்கச் சொல்லி, அது காட்டும் எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.